ஐம்பத்தெட்டு ஈரச் சாக்குகள்

ஜூலியாவுக்கு எண்பத்தாறு வயது. சாவதற்கான ஆயத்தங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார், எந்தக் குழிக்குள் போவது என்ற ஒன்றைத் தவிர. புத்தகங்கள் யாருக்கு, அலுமாரி யாருக்கு, பூனை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். பூனை எனக்காம். நான் கேட்கவேயில்லை. இதயம் அடுத்த கோடையைக் காணாது என்று வைத்தியர் சொன்னதை, பஸ் நேரம் சொல்வது போல என்னிடம் சொன்னார்.

“ரெண்டு கல்லறை இருக்கு, அருள். ஒண்டு அப்பான்ரை, மற்றது அப்பப்பான்ரை. ரெண்டிலையும் எனக்கு இடமிருக்கு. அப்பா சாகுமட்டும் தன்ரை தேப்பனைக் கள்ளன் எண்டுதான் சொன்னவர். அது உண்மையோ பொய்யோ எண்டு தெரியாமல் நான் ஆரோடை போய்ப் படுக்கிறது?”

அவர் கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான். முப்பத்தேழு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அது எங்கள் பேச்சிலேயே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் அருளானந்தன். மன்னார்த் தீவில் பிறந்தவன், மோர்டென்ஸ்ருட்டில் குடியிருப்பவன், இருபத்தாறு வருடம் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். 1987இல் ஒரு தோள்பையோடு நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, தேவாலய மண்டபத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் மொழி சொல்லிக்கொடுத்தவர் ஜூலியா. அடுத்த வருடம் என் அகதி விண்ணப்பம் இழுபட்டது. படகுக்காரன் என்பதால் பொலிசுக்கு என் மேல் சந்தேகம். அப்போது அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். “இவர் நேர்மையான மனிதர். இவருக்கு நான் பொறுப்பு.” இரண்டே வரி. அதன் பிரதி இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. என் கல்யாணம், பிள்ளைகள், வீடு, பென்ஷன் எல்லாமே அந்த இரண்டு வரிக்குப் பிறகு வந்தவை. அதை மறந்தால் எனக்குச் சோறு தொண்டையால் இறங்காது.

ஆகவே வியாழக்கிழமைகளில், என் மனைவி அருள்நாயகி பொரித்துத் தரும் மீன் கட்லட்டோடு ஹோல்ம்லியாவில் இருக்கும் ஜூலியாவின் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் வாஃபில் சுட்டுப் பழுப்புச் சீஸ் சீவிப் போட்டு வைத்திருப்பார். இரண்டு பேரும் மற்றவர் கொண்டுவந்ததைத்தான் தின்போம்.

அந்த வியாழக்கிழமை, வாஃபில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. ஆவணக் காப்பகத்திலிருந்து எடுப்பித்த பிரதிகள். “நாலு மாசமா வாசிக்கிறன். எனக்கு ஒரு நூலும் பிடிபடேல்லை. நீங்கள் கடற்காரன். ஒருக்காப் பாருங்கோ,” என்றார்.

கோப்பில் இருந்த கதை இதுதான். 1916 தொடக்கம் 1927 வரை நோர்வேயில் கடும் மதுவுக்குத் தடை. அமெரிக்காவின் தொப்பி போட்ட துப்பாக்கிக்காரர்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அதே காலத்தில் அதே கூத்து நடந்தது என்பது, இந்த நகரத்தின் தெருக்களைத் தேய்த்த எனக்கே தெரியாது. தலையிடி என்று போனால் வைத்தியர் சீட்டில் பிராண்டி எழுதிக் கொடுப்பாராம். சீட்டுக் கிடைக்காதவர்களுக்குக் கடத்தல்காரர்கள். வெளிநாட்டுக் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். பத்து லீட்டர் தகரக் கான்களில் சுத்த ஸ்பிரிட் இறங்கும். வேகப் படகுகள் அதை ஃபியோர்டு என்ற நீண்ட கடற்குடாவுக்குள் கொண்டு வரும்.

அப்படிப்பட்ட ஒருவனின் பெயர் கார்ஸ்டன். வெளியில் அவன் ஹெரிங் மீனுக்கு உப்புப் போட்டு விற்கும் வியாபாரி, அந்த மீனின் பெயரே அவனுடைய பட்டப்பெயரும். எனக்கு அந்த மீன் எங்கள் சூடைதான், ஆகவே நான் அவனுக்குச் சூடைக் கார்ஸ்டன் என்று பெயர் வைத்துக்கொண்டேன். விமான இயந்திரம் பூட்டிய படகு. உரோமக் கழுத்து வைத்த கோட். நத்தாருக்கு ஊரிலுள்ள விதவைகளுக்கு நிலக்கரி, பெரிய மனிதர்களுக்குக் கொன்யாக் பிராண்டி. எதிரிகள் இரண்டு பேர் காணாமல் போனதாகவும் ஒரு பேச்சு. இப்படி ஒருவன் எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தேர்தலில் நின்றிருப்பான்.

அவனைப் பிடிக்க அலைந்தவர் ஹால்வோர், ஜூலியாவின் அப்பப்பா, சுங்கப் படகு அலுவலர். 1925 ஒக்டோபரில் ஒரு பின்னேரம், கூடப் போகவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, ஹால்வோர் தனியாகப் போனார். ஒரு சிறுதீவின் பின்னால் கார்ஸ்டனின் படகைக் கண்டார். அவர்கள் கான் கானாகக் கடலுக்குள் தள்ளிவிட்டு ஓடிவிட்டார்கள். ஹால்வோர் எண்ணினார். ஐம்பத்தெட்டு. எல்லாம் நேரே அடிக்குப் போயின என்று வாக்குமூலத்தில் இருக்கிறது. அந்த இடத்தை, கரையில் தெரிந்த இரண்டு பாறைகளை அடையாளமாக வைத்துக் குறித்துக்கொண்டார். தீவில் இருந்த ஒரே மீனவனிடம் “ஒரு கண் வைச்சிரு” என்று சொல்லிவிட்டு, ஆள் கூட்டிவரப் பட்டினத்துக்குப் போனார்.

அடுத்த நாள் மத்தியானம் சுழியோடியோடு வந்தார்கள். அடியில் ஒன்றுமே இல்லை. கானும் இல்லை, கயிறும் இல்லை, கல்லும் இல்லை. அந்தக் கிழமையே நகரமெல்லாம் புதுச் சரக்கு ஓடியது.

இங்கேதான் ஹால்வோரின் கழுத்தில் கயிறு விழுந்தது. அவருடைய மேலதிகாரி ஒருவர் விசாரணையில் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி, அதையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிட் தண்ணீரை விடப் பாரம் குறைவு. ஸ்பிரிட் நிரப்பிய கான் கடலில் மிதக்கும். அதைத் தாழ்ப்பதென்றால் கல்லோ இரும்போ கட்டவேண்டும். கானை எடுத்துக்கொண்டு போகிறவன், கல்லையும் சுமந்துகொண்டா போவான்? அறுத்து அடியிலேயே விட்டிருப்பான். அடியில் ஒரு கல்கூட இல்லை. ஆகவே கான்கள் தாழவேயில்லை. ஆகவே ஹால்வோர் பொய் சொல்கிறார். கார்ஸ்டனிடம் கை நீட்டி வாங்கிவிட்டுப் படகை விட்டுவிட்டார்.

தீவின் மீனவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் சொன்னது கோப்பில் ஒரே வரி. “நான் ஒன்றும் காணவில்லை.”

ஹால்வோரின் வேலை போனது. ஆதாரம் போதாததால் சிறை இல்லை, ஆனால் தெருவில் போனால் பிள்ளைகள் கானில் தட்டிச் சத்தம் போடுவார்களாம். ஆறு வருடத்தில் செத்துப்போனார். அப்போது பதினேழு வயதான மகன், ஜூலியாவின் தகப்பன், குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டான். இந்த ஊரில் அந்தக் காலத்துக் கல்லறைக் கற்களில் செத்தவரின் தொழிலையும் பொறிப்பார்கள். ஹால்வோரின் கல்லில் பெயருக்கு மேல் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஜூலியா காட்டி நானும் பார்த்திருக்கிறேன்.

கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். எனக்குப் பழைய பழக்கம் ஒன்று, எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பேன். அங்கேதான் காவல்துறைப் பட்டியல் ஒன்று இருந்தது. சம்பவம் நடந்து மூன்று நாளில், வேறு ஏதோ அடிதடி வழக்குக்காகக் கார்ஸ்டனின் மீன்கொட்டிலைச் சோதித்து எழுதியது. வலைகள், மரப்பீப்பாய்கள், கத்திகள். பிறகு ஒரு வரி: “சிறிய சாக்குகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோ கொள்ளக்கூடியவை, வாய் தைக்கப்பட்டு, கழுத்தில் தார்க்கயிற்றுத் துண்டோடு. வெறுமையானவை, ஈரமானவை. 58.” பக்கத்தில் ஒரு குறிப்பு: “உப்புச் சாக்குகள். சொந்தக்காரர் மீனுக்கு உப்புப் போடும் வியாபாரி.”

சுங்கத்தார் இந்தத் தாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். பொலிஸார் ஹால்வோரின் வாக்குமூலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தாலும், உப்பு மீன்காரனிடம் உப்புச் சாக்கு இருப்பதில் என்ன புதினம்?

நான் அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். வாய் தைத்த சாக்கு எப்படி வெறுமையாகும்? தையலைப் பிரிக்காமல் உப்பை வெளியே எடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழி எனக்குத் தெரியும். என் கையே அப்படிச் சாக்குத் தைத்திருக்கிறது.

இதை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில், நாங்கள் நாலு பேர் இரண்டு வருடம் இந்தியக் கரைக்குச் சாமான் கடத்தினோம். துப்பாக்கி இல்லை, போதைத் தூள் இல்லை. கராம்பு. சிரிக்காதீர்கள், அந்த நாளில் அக்கரையில் கராம்புக்கு நல்ல விலை. தகரப் பேணியில் அடைத்து ஈயம் ஒட்டினால் பேணி மிதக்கும். கடற்படைப் படகு கண்ணில் பட்டால், ஒவ்வொரு பேணியிலும் ஒரு சின்ன உப்புச் சாக்கைக் கட்டித் தள்ளிவிடுவோம். உப்பின் பாரத்தில் பேணி தாழும். கடற்படை வந்து தேடிக் களைத்துப் போகும். உப்புக் கரையக் கரையச் சாக்கின் பாரம் குறையும், பேணி தானாக மேலே வரும், வெறுஞ்சாக்கையும் இழுத்துக்கொண்டு. அடியில் ஒரு தடயமும் கிடக்காது. நாங்கள் தூண்டில் போடுகிறவர்கள் மாதிரிப் பக்கத்தில் நின்று பொறுக்கிக்கொள்வோம்.

ஹால்வோர் பொய் சொல்லவில்லை. கான்கள் தாழ்ந்தன. விடியற்காலையில் எழும்பின. கார்ஸ்டனின் ஆட்கள் வந்து பொறுக்கினார்கள், சாக்குகளையும் சேர்த்து. தாழ்ந்த கான் ஐம்பத்தெட்டு, கொட்டிலில் சாக்கு ஐம்பத்தெட்டு. நூறு வருடமாக ஒரே காப்பகத்தின் இரண்டு மூலையில் இரண்டு எண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

எழும்பித் துள்ளியிருக்க வேண்டும். நான் அப்படியே இருந்தேன். 1988இல் பொலிஸ் அறையில் மொழிபெயர்ப்பாளர் வழியாக என்னைக் கேட்டார்கள், “படகில் மீனைத் தவிர வேறு ஏதாவது ஏற்றினாயா?” நான் சொன்னேன், “இல்லை. மீன் மட்டும்தான். வேறொண்டும் தெரியாது.” அந்தச் சொல்லை நம்பித்தான் ஜூலியா தன் பெயரைப் போட்டு அந்த இரண்டு வரியை எழுதினார்.

அருள்நாயகிக்கு மட்டும் கராம்புக் கதை தெரியும். கோப்பை அவளிடம் காட்டினேன். வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இஞ்சேருங்கோ, வேறை ஆரோ சொன்னவை எண்டு சொல்லுங்கோவன். உங்கட வாயாலை ஏன்? பொய் சொல்லி வந்தவை எண்டு இருவது வருசத்துக்குப் பிறகு பாஸ்போட்டைப் பறிச்ச கதை பேப்பரிலை வந்தது தெரியாதே?”

“அது எனக்குப் பயம்தான், நாயகி. ஆனா அதை விடப் பயம் ஒண்டு கிடக்கு. அவ என்னைப் பாத்து, இவனுக்கே நான் எழுதிக் குடுத்தனான் எண்டு நினைச்சா?”

அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நான் கோழை வேலை பார்த்தேன். உப்புச் சாக்கு விசயம் முழுவதையும் ஜூலியாவுக்கு விளங்கப்படுத்திவிட்டு, “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன், ஊரிலை கடத்தினவன், சொன்னவன்,” என்றேன்.

ஜூலியாவின் முகம் மலர்ந்தது, அடுத்த கணமே ஆசிரியை முகமாகிவிட்டது. “அந்த ஆள் எங்கை?”

“லில்லெஸ்ட்ரோமிலை.” வாய் தன்பாட்டில் ஊர் வைத்தது.

“நல்லது. வாற வியாழன் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கண்டவன், செய்தவன் தன்ரை வாயாலை சொல்ல வேணும் அருள். கேள்விப்பட்ட கதையை வைச்சு நான் அப்பப்பாவைக் கள்ளனில்லை எண்டு சொல்லேலாது. கேள்விப்பட்ட கதையை வைச்சுத்தான் அவரைக் கள்ளன் ஆக்கினவை.”

லில்லெஸ்ட்ரோமில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என் பல்வைத்தியர். அவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அருள்நாயகி இரண்டு தரம் கட்லட் பொரித்தும் நான் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை கோப்பைத் திருப்பிக் கொடுப்பதற்காக அடுக்கியபோது, அந்த ஒற்றை வரி மறுபடியும் கண்ணில் பட்டது. “நான் ஒன்றும் காணவில்லை.” அந்த மீனவனின் வீட்டு வாசலுக்கு நேரேதான் கான்கள் எழும்பியிருக்க வேண்டும். ஐம்பத்தெட்டுக் கான்கள் ஒன்றன் பின் ஒன்றாக. கடற்கரையில் வாழ்கிறவன் காணாமல் இருக்க முடியாது. கண்டவன், வாயை மூடிக்கொண்டான். கார்ஸ்டனுக்குப் பயந்திருப்பான், அவனுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்கும். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். என்னைத் தவிர வேறு யார் அவனை விளங்கிக்கொள்ள முடியும்? “மீன் மட்டும்தான், வேறொண்டும் தெரியாது” என்பதும் அதே வரிதான். ஆனால் அவனுக்கு ஹால்வோர் யாரோ. எனக்கு ஜூலியா யாரோ இல்லை.

வியாழக்கிழமை தனியாகப் போனேன். ஜூலியா மூன்று பேருக்குக் கோப்பிக் கோப்பை எடுத்து வைத்திருந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“லில்லெஸ்ட்ரோமிலை ஒருத்தரும் இல்லை. அது நான்தான். ரெண்டு வருசம் செய்தனான். நாப்பது தரத்துக்கு மேலை. உப்புச் சாக்குத் தைச்சது நான், கட்டினது நான், எழும்பினதைப் பொறுக்கினதும் நான். பொலிசுக்கு இல்லையெண்டு சொன்னனான். உங்களுக்கும் பொய்தான் சொன்னனான். நீங்கள் என்னை நேர்மையான மனிசன் எண்டு கையெழுத்து வைச்ச அண்டைக்கு, நான் உங்களுக்கு முன்னாலை தலையாட்டிக்கொண்டு இருந்தனான்.”

அறுபத்தெட்டு வயதில் அழுவது பார்க்க நல்லாயிராது, அழுதேன்.

பூனை வந்து என் சப்பாத்தை மோந்துவிட்டுப் போனது. பிறகு ஜூலியா கேட்டது நான் எதிர்பாராதது.

“உப்புக் கரைய எத்தினை மணித்தியாலம் எடுக்கும்?”

“எங்கட கடலிலை ரெண்டு, மூண்டு. இஞ்சை குளிர் தண்ணி. சாக்கின்ரை தடிப்பையும் பொறுத்தது. இரட்டைச் சாக்கு எண்டால் ஒரு ராத்திரி பிடிக்கும்.”

“செய்து காட்டுவியளோ?”

“ஓம்.”

“அப்ப கோட்டைக் கழட்டிப்போட்டு இருந்து வாஃபிலைச் சாப்பிடுங்கோ. ஆறுது.”

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஹ்வெர்வென்புக்தா கடற்கரையில், கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் இருந்தோம். நல்ல வெயில், பல் கிட்டும் குளிர். ஜூலியா தன் தள்ளுவண்டியின் இருக்கையில் கம்பளி போர்த்தியபடி. அருள்நாயகி பிளாஸ்க்கோடும் கட்லட்டோடும். சாக்குக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தமிழ் வீட்டில் பாஸ்மதி அரிசி வந்த துணிப்பையை எறிகிறவர் யார்? அருள்நாயகியிடம் முப்பது கிடந்தன. உப்பு, குளிர்காலத்தில் வாசற்படியில் தூவ வாங்கி வைத்த கட்டி உப்பு. பத்து லீட்டர் கானில் எட்டு லீட்டர் தண்ணீர் விட்டால் ஸ்பிரிட் நிரப்பிய பாரம் வரும் என்று ஜூலியா கடதாசியில் கணக்குப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கணக்கு வராது. கை மட்டும் வரும்.

பையின் வாயைத் தைத்தேன். கழுத்தில் கயிற்றைப் போட்டு முடிச்சு இறுக்கினேன். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் விரலுக்கு அந்த முடிச்சு மறக்கவில்லை. அருள்நாயகி அதைப் பார்த்துவிட்டு, “வெட்கமில்லாமல் கை ஓடுற ஓட்டத்தைப் பார்,” என்றாள்.

முதலில் கானை மட்டும் தண்ணீரில் விட்டேன். மிதந்தது. பிறகு சாக்கைக் கட்டி விட்டேன். ஒரு கணம்கூட நிற்காமல் அடிக்குப் போனது. ஜூலியா வாக்குமூலத்தின் வரியை மனப்பாடமாகச் சொன்னார், “எல்லாம் நேரே அடிக்குப் போயின.”

ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது. கம்பளித் தொப்பியோடு குளிர்நீரில் குளிக்க வந்த ஒரு பெண், என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தாள். “சாராயம் கடத்துறம்,” என்றார் ஜூலியா, முகம் மாறாமல். அவள் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். மூன்றாவது மணித்தியாலத்தில் எனக்குப் பயம் பிடித்தது. இந்தக் கடலில் உப்புக் குறைவு, குளிர் அதிகம், என் கணக்கு எங்கேயோ பிழைத்துவிட்டால்? நான் வெறும் கள்ளனாகவும் அவர் கள்ளனின் பேத்தியாகவும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தேவமாதாவே, இந்த ஒரு கானை மட்டும் எழுப்பித் தாரும் என்று மன்றாடினேன். கடத்தின காலத்திலும் இதே மன்றாட்டுத்தான், மாதாவுக்கு என் குரல் பழக்கம்.

பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடத்தில், பாலத்திலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி, கான் சத்தமே இல்லாமல் தலையை நீட்டியது. ஒருதரம் சுழன்றது. பிறகு வெயிலில் அமைதியாக மிதந்தது. அதன் கீழே அரிசிப்பை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது, தையல் பிரியாமல்.

ஜூலியா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். அவர் கானைப் பார்த்துச் சொன்னது இதுதான். “வாங்கோ அப்பப்பா.”

அருள்நாயகி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் கொக்கித் தடியால் கானை இழுத்துப் பாலத்தில் வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கானையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜூலியாவின் கை என் தோளில் விழுந்தது.

“அருள், முப்பத்தாறு வருசத்துக்கு முந்தி நான் ஒரு கடிதம் எழுதினனான். அது இப்பதான் முழு உண்மை ஆகியிருக்கு.”

அன்றைக்கே பின்னேரம் அவருடைய மேசையில் இருந்து என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தோம். பெயர், பிறந்த இடம் எல்லாம் கேட்டவர், தொழில் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். “கடத்தல்காரன், ஓய்வு பெற்றவர் எண்டு போடுங்கோ,” என்றேன். அப்படியே போட்டார். எங்கள் மகள் நிலூஜா சட்டத்தரணி, அவளுக்குப் போன் போட்டு முழுவதையும் சொன்னேன். “அப்பா, கராம்புக்காக உங்கட பாஸ்போட்டை ஒருத்தரும் பறிக்க வரமாட்டினம். வந்தா நான் பாக்கிறன்,” என்றாள். குரலில் சிரிப்பை அடக்கியது கேட்டது. அந்த வாக்குமூலத்தையும் கானின் படங்களையும் ஜூலியா ஆவணக் காப்பகத்துக்கும், நோர்வேயின் பழைய கடத்தல் காலத்தை எழுதும் ஒரு சிறுபத்திரிகைக்கும் அனுப்பினார். ஜனவரியில் அது அச்சில் வந்தது. ஹால்வோரின் படமும் இருந்தது, காது பெரிய மனிதர்.

ஜூலியா மார்ச் மாதம் போனார், தூக்கத்தில்.

சில நாட்களில் மயானக் காரியாலயத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் தன் கையால் நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தின் பிரதி. எந்தக் கல்லறை என்ற இடத்தில் ஹால்வோரின் கல்லறை இலக்கம். பெயருக்கு மேல் உள்ள வெற்றிடத்தில் ‘சுங்க அலுவலர்’ என்று பொறிக்கவேண்டும் என்ற குறிப்பு. அதன் கீழே, இந்தக் கல்லறைக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் என் பெயர். கடைசியில் யாரும் கேட்காத இரண்டு வரியை அவரே எழுதியிருந்தார். “எனக்குப் பிள்ளைகள் இல்லை. இவர் பொறுப்பு, நான் இவரை அறிவேன்.”

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சமையலறையில் நின்றே அழுதேன். அந்தப் பூனை என் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது.

கல் வேலைக்காரர் மே மாதம் கூப்பிட்டார். சுங்க அலுவலர் ஹால்வோர் தயார், அவருக்குக் கீழே ஜூலியா தயார். “அடியிலை ஒரு வரிக்கு இடம் கிடக்கு,” என்றார். “வழக்கமா ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ எண்டு போடுறவை. அவ ஒண்டும் எழுதேல்லை. பொறுப்பானவர் நீங்கள், போடவோ விடவோ?”

எங்கள் வீடுகளில் நன்றி என்று ஒருவருக்கொருவர் வாயால் சொல்லும் வழக்கமில்லை. முப்பத்தேழு வருடம் கட்லட்தான் கொண்டுபோனேன், அந்தச் சொல்லை ஒருதரம்கூடக் கொண்டுபோகவில்லை.

“போடுங்கோ,” என்றேன். “நல்ல ஆழமா வெட்டுங்கோ.”